விழுந்து காட்டச் சொன்னார்கள்

என் வலது கை பிறந்தது தொட்டு மூடியே கிடக்கிறது. வலது கால் கொஞ்சம் இழுபடும். கோபம் வந்தால் நாக்கும் தடக்கும். பிறக்கிற நேரம் மூச்செடுக்கப் பிந்திவிட்டேனாம்; அதில் மூளையில் ஒரு பக்கம் பழுதாகிப் போனது. மூளை முடக்குவாதம் என்று அதற்குப் பெயர். ஊரில் அதற்கு வேறு பெயர்களும் உண்டு. அவற்றைச் சொல்கிறவர்களின் வாயோடு அவை இருக்கட்டும்.

நான் கல்முனையில் ஏ.எல். பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு அளவையியல், தர்க்கம்தான், படிப்பிக்கிறேன். கதிரை போதாமல் பிள்ளைகள் வாசலில் நின்று எழுதுகிற ரியூசன் வகுப்பு என்னுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை. கைக்குச் சிகிச்சை என்று ஒரு நிலையத்துக்குப் போய்வந்தேன்; அத்தனை மாதத்திலும் அதை நடத்தியவர் ஒருநாளும் இதைக் கேட்கவில்லை, அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

பிரதான வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் அந்த நிலையத்தைத் தொடங்கினார்கள். நடக்க ஏலாதவர்களை நடக்கவைக்கப் போகிற இடம் இரண்டாம் மாடியில். லிஃப்ட் இல்லை. ஒடுங்கிய படி, ஒரு பக்கம்தான் கைபிடி, அதுவும் ஏறும்போது என் வலது பக்கம். கீழே ஒரு பெரிய பதாகை. அதில் கண்ணை முழுக்க மூடும் கறுப்பு மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிய ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்தது. மூளைத் தூண்டலும் மெய்நிகர் உடற்பயிற்சியும் ஒரே இடத்தில் என்று எழுதியிருந்தது. மருத்துவமனைக்கா, சினிமாவுக்கா கூப்பிடுகிறார்கள் என்று விளங்கவில்லை.

"ராத்தா, ஒருக்காப் போய்ப் பாப்பமே. போனா என்ன, குறைஞ்சா போயிருவீங்க?" என்று தங்கச்சி ஒரு கிழமையாக அரித்தாள். அவளுடைய வாயை மூடுவதற்காகத்தான் போனேன்.

நிலையத்தை நடத்தியவர் கல்முனை வெயிலில் கோட்டும் டையும் போட்டிருந்தார். நான் அவருக்கு நேரே இருந்தேன். அவர் என் தலைக்கு மேலால் தங்கச்சியைப் பார்த்து, "இவங்களுக்கு நாம கதைக்கிறது விளங்குமா?" என்று கேட்டார்.

தங்கச்சிக்கு முகம் கறுத்துப்போனது. "விளங்கும் சேர்," என்றேன் நான். "நீங்க கதைக்கிறதுல விளங்குறதுக்கு என்னவும் இரிந்தா."

ஒரு குழந்தை பாட்டுப் பாடியதைக் கேட்டவர் மாதிரி அவர் சிரித்தார். "மாஷா அல்லாஹ், நல்லாக் கதைக்கிறாங்களே!" என்றார். அதையும் தங்கச்சியிடம்தான் சொன்னார். பிறகு, உறங்கிக் கிடக்கிற என் மூளையைத் தாங்கள் எழுப்பப் போவதாக விளக்கினார். அன்று காலைதான் அந்த உறங்குகிற மூளை ஒரு வகுப்புக்கு அனுமான விதிகளைப் படிப்பித்துவிட்டு வந்திருந்தது.

அப்படியே எழும்பி வந்திருப்பேன். உள்ளே இருந்த பிசியோ மிஸ்தான் என்னை நிறுத்தினார். இளம் பெண், திருக்கோவில் பக்கத்தவர். தலைத்தோலின் மேல் பஞ்சு வைத்து மிக மெல்லிய மின்சாரம் விடுவோம், கைக்குக் கட்டளை கொடுக்கிற மூளைப் பகுதி அந்த நேரம் கொஞ்சம் ஆயத்தமாக இருக்கும், அந்த ஆயத்தத்தில் கையைத் திரும்பத் திரும்பப் பழக்கினால் அது பழகக்கூடும் என்றார். கண்ணாடி எதற்கு என்று கேட்டேன். "ஒரே வேலையத் திருப்பித் திருப்பிச் செய்ய ஆருக்கும் அலுக்கும்தானே டீச்சர். விளையாட்டா இருந்தா அலுக்காது," என்றார்.

"எனக்குச் சரிவருமா?"

"சில பேருக்கு உதவுது. சில பேருக்கு ஒண்டும் நடக்கிறதில்ல. உங்களுக்கு எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது."

அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட ஒரே நேர்மையான பதில் அது. அதற்காகவே மற்ற நாளும் போனேன்.

பஞ்சு வைக்க ஸ்கார்ஃபைக் கழற்ற வேண்டும். முஸ்லிம் பெண்களும் வருவார்கள் என்று கல்முனையில் கடை திறந்தவர்களுக்குத் தோன்றவில்லை. மறைப்பு ஒன்றும் இல்லை. நாங்கள் சத்தம்போட்ட பிறகு கிளிப்படம் போட்ட பெட்ஷீட் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். அதையும் விலக்கிக்கொண்டு நிலையத்தை நடத்தியவர் ஒருநாள் விருந்தினர் இரண்டு பேரோடு தலையை நீட்டினார். நான் சொன்ன வார்த்தைக்குப் பிறகு அந்தத் தலை அந்தப் பக்கம் வரவில்லை.

உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சு. றப்பர் பட்டியால் அதைத் தலையோடு கட்டுவார்கள். காதுக்குப் பின்னால் தண்ணீர் வடியும். மின்சாரப் பெட்டியை முடுக்கினால் எறும்பு ஊர்வது போல இருக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிடும். மறுகா கண்ணை மூடும் அந்தக் கண்ணாடியை மாட்டுவார்கள். அதற்குள் ஒரு பனிமலை, அடிவாரத்தில் அப்பிள் மரம். வெயிலில் வெந்து படியேறி வந்த நான் பனியில் நின்று அப்பிள் பறித்துக் கூடையில் போட வேண்டும். கையில் கட்டிய கருவி என் விரல்கள் அசைவதை அதற்குச் சொல்லும். கண்ணாடிக்குள் தெரிந்த கை என்னுடையது இல்லை. கொழுத்த வெள்ளை ஆம்பிளைக் கை, மணிக்கட்டில் குளிர்ச் சட்டையின் ஓரம். அந்தக் கையை வைத்து நான் என்ன செய்வது? பொருத்தமாக ஒரு கை கிடைக்காதா என்று கேட்டதற்கு, நிறம் மாற்ற வேறாகக் காசு கட்ட வேண்டும் என்றார்கள்.

விரல் விரியாமல் அப்பிள் கீழே விழும். விழுந்தாலும் அந்தச் சாமான், 'கிரேட் ஜொப்' என்று கத்தும். பிழையான விடைக்குப் பாராட்டுகிற ஆசிரியரை நான் மனிதராகவே மதிப்பதில்லை. இது மெஷின். அதனால் பொறுத்துக்கொண்டேன்.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். சில கிழமை போனபின் ஒருநாள் வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். என் வலது பெருவிரல் உள்ளங்கைக்கு வெளியே நின்றது. நான் சொல்லி வரவில்லை, அதுவாக வந்து நின்றது. பிள்ளைகளுக்குத் தெரியாமல் கையை மேசைக்குக் கீழே வைத்து விரல்களை விரித்துப் பார்த்தேன். முழுதாக இல்லை, ஆனால் விரிந்தன. வீட்டுக்குப் போய்த் தங்கச்சிக்குக் காட்டினேன். அவள் அடுப்படியில் நின்று அழத் தொடங்கினாள்.

"அழுகிறத நிப்பாட்டு. கறி பத்துது," என்றேன்.

என் நேரத்துக்குப் பிறகு வருகிறவள் ஒரு சின்னப் பிள்ளை. ஊர் வரிப்பத்தான்சேனை. வாப்பா வயல் செய்கிறவர். உம்மாதான் பஸ் மாறி மாறி அவளைக் கூட்டிவந்து, இடுப்பில் தூக்கிப் படியேற்றுவாள். தூக்குகிற வயதைத் தாண்டிய பிள்ளை. படியின் முடிவில் உம்மாவுக்கு மூச்சு இரைக்கும். பிள்ளையின் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போகும். வாய் மட்டும் நேராகப் போகும். முதல் நாளே என்னைக் கேட்டாள்: "டீச்சர், உங்கட கைக்குள்ள என்ன வெச்சிரிக்கீங்க?"

கைக்குழந்தையாக இருந்த நேரம் அவளுக்கு வலிப்பு வந்திருந்தது. அதனால் மின்சாரம் வேண்டாம், கண்ணாடிப் பயிற்சி மட்டும் போதும், அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று மிஸ் சொல்லிவிட்டார். "கொஞ்சமா வெச்சுப் பாக்கலாமே?" என்று கோட்டுக்காரர் இழுத்தார். "ஏலாது சேர்," என்றார் மிஸ். கண்ணாடிக்குள் வாத்துகளைத் துரத்துகிற விளையாட்டு பிள்ளைக்கு. துரத்த வேண்டுமென்றால் காலை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அவள் வாத்துகளைத் தூசண வார்த்தை தவிர மற்ற எல்லாவற்றாலும் ஏசுவாள். இப்படியே ஏசி ஏசி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக நிற்கப் பழகிவிட்டாள். நின்றதும் ஊரையே கூப்பிடுவாள்: "பாருங்க, ஒரு கைதான்!"

நிலையம் இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது அதற்குத் திறப்பு விழா வந்தது. ஆம், மாதக்கணக்காகத் திறந்திருந்த இடத்துக்குத் திறப்பு விழா. அரசியல்வாதி ஒருவருக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது. விழாவில் வீடியோ போட வேண்டுமாம்; சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின். அப்போதுதான் ஒருவருக்கு நினைவு வந்தது, தொடக்கத்தில் யாரையும் படம் எடுக்கவில்லை என்று.

கோட்டுக்காரர் எங்களையும் பிள்ளையையும் அவளுடைய உம்மாவையும் கூப்பிட்டார். கூடவே கமெராவோடு ஒரு தம்பி. மேசையில் பிளேன்டீக் கோப்பை ஒன்று.

"சின்ன வேலதான். அந்தக் கோப்பைய எடுக்கப் போய், ஏலாமத் தவறவிட்டுக் காட்டுங்க. முந்தி மாதிரி."

"முந்தினதப் பிந்தி எடுக்கிறதா சேர்?"

"இது பொய் இல்லையே. முந்தி நடந்ததத்தானே காட்டப் போறம்."

"முந்தி நடந்திச்சு எண்டா முந்தி எடுத்திரிக்கணும்."

அவர் தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி சுவரைப் பார்த்தாள். நான் வலது கையால் கோப்பையை எடுத்தேன். கை நடுங்கியது, பாதி என் ஹபாயாவில் ஊற்றுண்டது, மீதியைக் குடித்துவிட்டு வைத்தேன். "எடுத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

கமெராத் தம்பி திரையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். "சேர், இது முன்னுக்கும் போட ஏலாது, பின்னுக்கும் போட ஏலாது." கீழே போடவில்லை, ஆகவே நோயாளி இல்லை. சிந்திவிட்டேன், ஆகவே குணமும் இல்லை. மனித இனத்தை இவ்வளவு துப்புரவாக இரண்டாகப் பிரித்து, என்னை இரண்டுக்கும் வெளியே நிறுத்தினார்கள்.

அடுத்தது பிள்ளை. வீடியோ இல்லையென்றால் கண்ணாடியும் பெட்டியும் கொழும்புக்குத் திரும்பப் போய்விடும் என்று அவளுடைய உம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். உம்மா தலையைக் குனிந்தபடி, "ஒருக்கா விழுந்து காட்டு மகள்," என்றாள்.

பிள்ளை சுவரைப் பிடித்தபடி நின்றாள். "மாட்டன்."

"விளையாட்டுக்குத்தானே மகள்."

"விளையாட்டுலயும் நான் விழுறல்ல."

கோட்டுக்காரர் சிரித்தபடி குனிந்தார். சுவரில் இருந்த அவளுடைய கையை விரல் விரலாகக் கழற்றினார். கழற்றிவிட்டுப் பின்னால் விலகினார்.

அவள் விழவில்லை. இரண்டு கையும் காற்றில் இருக்க, கால்கள் நடுங்க, அப்படியே நின்றாள். பிறந்து முதல்தரம். அவளுடைய கண் என்னைத் தேடிப் பிடித்தது. கமெராத் தம்பி நிலத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்; அவள் எங்கே விழுவாள் என்று கணக்குப் பார்த்து அங்கே கமெராவை வைத்திருந்தான். ஒருவரும் அவளைப் பிடிக்கக் கை நீட்டாத அந்த நேரம் முடிந்து, அவள் முன்பக்கமாகச் சரிந்தாள். முகம் குப்புற, நாடி தரையில் அடித்தது.

"ஓகே சேர், வந்திட்டு," என்றான் தம்பி.

எனக்கு நாக்கு தடக்கிவிட்டது. உள்ளே எத்தனையோ வார்த்தைகள் வந்தன, ஒன்றும் வெளியே வரவில்லை. உம்மா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். தோள் முழுக்க இரத்தம். தம்பிக்கு முன்னால் போய் நின்று, "அழி," என்றாள்.

"ஆறுதலாக் கதைப்பம்," என்றார் கோட்டுக்காரர்.

"ஒங்களோட நான் கதைக்கல்ல. தம்பி, என்ட கண்ணுக்கு முன்னால அழி."

அவன் கோட்டுக்காரரைப் பார்த்தான். அப்போது, வாழ்நாள் முழுக்க என்னை 'சும்மா இரிங்க ராத்தா' என்று அடக்கியே பழகிய என் தங்கச்சி, கதிரையை விட்டு எழும்பி அந்தத் தாயோடு சேர்ந்து நின்றாள். "அழிக்கச் சொல்றாங்கதானே," என்றாள். அவன் அழித்தான். உம்மா திரையைக் குனிந்து பார்த்து, இல்லை என்று கண்ட பிறகுதான் திரும்பினாள். சத்தம் கேட்டு ஓடிவந்த மிஸ் பிள்ளையின் நாடியைத் துடைத்துப் பஞ்சு வைத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் தன் சேரிடம் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய நேர்மையின் எல்லை எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

நாங்கள் நாலு பேரும் இறங்கி வந்தோம். அதன்பிறகு ஏறவில்லை.

விழா நடந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளின் வீடியோவைப் போட்டார்களாம். அரசியல்வாதி கண்ணாடியை மாட்டி, வாயைப் பிளந்துகொண்டு காற்றில் அப்பிள் பறிக்கிற படம் பேஸ்புக்கில் வந்தது. அவருக்கும் அது 'கிரேட் ஜொப்' சொல்லியிருக்கும். அடுத்த நோன்புக்கு முன்னரே நிலையம் மூடிவிட்டது. இப்போது அந்த மாடியில் கலியாணச் சாறி விற்கிறார்கள். மூடுவதற்கு முன் கோட்டுக்காரர் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார்: என் முன்னேற்றத்தைப் பற்றி நல்லதாக நாலு வரி சொல்லி அனுப்ப வேண்டுமாம். ஒரே வரி அனுப்பினேன். அதை இங்கே எழுத ஏலாது.

மின்சாரமும் கண்ணாடியும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். என் பெருவிரல் வெளியே வந்தது உண்மை. எது கொண்டுவந்தது, மின்சாரமா, பனிமலையா, வெறும் பழக்கமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள். அங்கே போவதை விட்ட பிறகு விரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகத் தொடங்கியது. இப்போது பின்னேரங்களில் வலது கையால் ஒரு பேசின் பாத்திரத்தில் இருந்து மற்றதுக்குத் தேசிக்காய் எடுத்துப் போடுகிறேன். படு அலுப்பான வேலை. சில நாள் விரல் விரிகிறது, சில நாள் இல்லை.

அரச ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, ஒருநாள் காலையில் போய்க் காத்திருந்தேன். உள்ளே அந்தப் பிள்ளை. இரண்டு பக்கமும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். நாடியில் ஒரு தழும்பு. உம்மா கம்பிகளின் மற்ற முனையில் நின்றாள்.

"டீச்சர்! இஞ்ச ஒண்டுமே இல்ல," என்று என்னைக் கண்டதும் முறைப்பட்டாள். "கண்ணாடியும் இல்ல, வாத்தும் இல்ல. சும்மா நடக்கச் சொல்றாங்க."

"நட மகள்," என்றாள் உம்மா.

"அலுப்பா இரிக்கி."

"எனக்கும்தான் இரிக்கி. நட."

அவள் ஆஸ்பத்திரியை, கம்பிகளை, உம்மாவை, என்னை எல்லாரையும் வரிசையாக ஏசினாள். ஏசியபடி காலை எடுத்து வைத்தாள். உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பிப் போனேன்.