பழவேற்காட்டில் 'நைனா' என்று தொடங்கிய ஒரு ஜெபம்

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பழவேற்காடு போனேன். பூநாரை பார்க்க அல்ல. திருவொற்றியூரில் ஆறு வருடம் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த கிருபை, கணவரின் ஊருக்கே குடிபோய்விட்டாள். அங்கே சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. "ஒரு தபா வந்துட்டுப் போக்கா" என்று போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

காலை 7.05க்குக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில். பொன்னேரிக்கு டிக்கெட் பத்து ரூபாய், நாற்பது நிமிடப் பயணம். பேருந்து நிலையத்துக்குக் கால் மணி நேர நடை. 8.15 பேருந்தில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. திருப்பாலைவனம் வழியாக இருபது கிலோமீட்டர் போல, முக்கால் மணி நேரம். வழி நெடுக வயல்தான். பழவேற்காட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்துப் பாலத்தைத் தாண்டினேன். கீழே இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் வெறுங்கையால் தடவித் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிருபையின் வீடு மீனவர் குப்பத்தை ஒட்டிய தெருவில். இட்லியும் இறால் தொக்கும் வைத்தாள். (நாலு இட்லி என்று தொடங்கி ஏழில் நிறுத்தினேன்.)

பதினொன்றரை மணிக்குப் பின் தெரு தேவகி ஓடி வந்தாள். முப்பது வயது இருக்கும். கணவர் குமார் விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போனவர். ஒன்பதுக்கெல்லாம் கரைக்கு வந்துவிடுவாராம். கூடப் போன படகுகள் திரும்பிவிட்டன, இவர் வரவில்லை. போனும் கிடைக்கவில்லை. தேட ஒரு படகு போயிருந்தது.

"யக்கா, உங்க சாமிகிட்ட சொல்லுக்கா. அம்மனுக்கு வெளக்கேத்திட்டுத்தான் வரேன், மனசு ஆறல."

கிருபை என்னைப் பார்த்தாள். "நீ சண்டே ஸ்கூல் டீச்சரு. நீயே ஜெபம் பண்ணுக்கா."

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் திரித்துவப் பாடம் பதினோரு வருடமாக நான்தான் எடுக்கிறேன். பலகையில் முக்கோணம் போட்டு, மூலைக்கு ஒரு பெயர் எழுதி, மூவர் ஆனாலும் ஒரே தேவன் என்று விளக்குவேன். கண்ணை மூடினேன். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியாகிய திரியேக தேவனே, சர்வ வல்லவரே, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரே..." அதற்கு மேல் ஓடவில்லை. பக்கத்தில் தேவகி மூச்சு வாங்குவது கேட்டது. குமார் வரவேண்டும் என்று கேட்டுவிட்டு, அவர் வராமல் போனால்? அந்தப் பயத்தில் நாக்கு நின்றுவிட்டது.

கிருபை தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, குமார ஊட்டுக்குக் கொண்டாந்து வுடு. ரெண்டு புள்ளைங்க கீதுங்க. உன் புள்ள இயேசுவும் படகுல போனவருதான், காத்துல மாட்டுனவருதான். அவரு பேர சொல்லித்தான் கேக்குறேன் நைனா."

அந்தப் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பிறகு கிருபையும் பேசவில்லை. இரண்டு மூன்று நிமிடம் அப்படியே இருந்தாள். கன்னத்தில் கண்ணீர். கடைசியில் "ஆமென்" என்றாள்.

மூவரும் கரைக்கு நடந்தோம். தேவகி முன்னால் போனதும் மெதுவாகக் கேட்டேன், "ஏன் பாதியில நிறுத்திட்ட?"

"நிறுத்தலக்கா, வார்த்த தீந்துபோச்சு. அதுக்கு மேல ஆவியானவரு சொல்லுவாரு. நைனாவுக்குப் புரியாதா இன்னா?"

"கேட்டது நடக்கலன்னா?"

"போன மழைக்கு இதே தெருவுல ஒருத்தர் வரல. அன்னிக்கும் இப்படித்தான் ஜெபம் பண்ணேன். மறுநாளும் நைனானுதான் கூப்ட்டேன். வேற யார கூப்புடுறது?"

பிதாவிடம், குமாரன் பெயரால், ஆவியின் துணையோடு ஜெபிப்பது. இதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன். முக்கோணத்தை வெளியே நின்று வரைந்துகொண்டிருந்தேனே தவிர, ஜெபிக்கிறவள் அதற்குள்ளே இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

1.40க்கு இரண்டு படகுகள் தெரிந்தன. ஒன்று மற்றதைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. குமார் குதித்து இறங்கினார்.

"இன்னாடி, ஊரே வந்து நிக்குது?"

தேவகி அவர் தோளில் இரண்டு அடி போட்டுவிட்டு அழுதாள். இன்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டு படகு நின்றுபோயிருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான்.

"உங்க சாமியா எங்க அம்மனானு எனுக்குத் தெரிலக்கா, ரெண்டு பேரையும் கும்புட்டுக்கினேன்" என்றாள் தேவகி.

கிருபை சிரித்தாள். "மொதல்ல அவருக்குச் சோறு போடு, போ."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் ஏற வேண்டாம். கரையில் நிழல் கிடையாது, குடையும் தண்ணீரும் வேண்டும். சாயங்காலம் ஐந்துக்குள் பேருந்து ஏறிவிட்டால் பொன்னேரியில் ரயிலுக்கு அல்லாட வேண்டாம். என் போக்குவரத்துச் செலவு நூற்றுப் பத்து ரூபாய். கரையில் யாராவது கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தால், போட்டோ எடுக்காதீர்கள்.

நான் நாலரைப் பேருந்தைப் பிடித்தேன். நல்ல காற்று, மனசும் லேசாக இருந்தது. நன்றி சொல்லலாம் என்று கண்ணை மூடினேன். திருப்பாலைவனம் வரை ஒரு வார்த்தையும் வரவில்லை. வராமலே ஜெபித்துக்கொண்டிருந்தேன்.