முருகா, நீ பேசாதே

அம்மா காலமான வருஷம், முருகன் என்னிடம் பேச ஆரம்பித்தான். சாமி அறையில் விளக்கேற்றும்போது காதோரம் தெளிவாகக் கேட்கும். முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. அப்போது நான் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். கரமனையில், ஆற்றங்கரைத் தெருவில், அண்ணாவோடும் அவர் மனைவி மன்னியோடும் இருந்தேன்.

போகப் போகக் குரல் மாறியது. மன்னி சாதத்தில் விஷம் கலக்கிறாள் என்றது. சாப்பிடுவதை விட்டேன். வேலைக்குப் போவதை விட்டேன். ஒரு நாள் காலையில், ஆற்றில் இறங்கு என்றது. இறங்கினேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் இழுத்துக் கரையேற்றினார்கள்.

அண்ணா மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஸ்கிசோஃப்ரினியா, மனச்சிதைவு நோய் என்றார் டாக்டர். பெயர் என்னைப் பயமுறுத்தவில்லை. வேறொன்று பயமுறுத்தியது. கேட்டதெல்லாம் வியாதி என்றால், நான் சின்ன வயசிலிருந்து கும்பிட்ட முருகன் எங்கே? இனி யாரிடம் வேண்டிக்கொள்வது?

பல நாள் வேண்டிக்கொள்ளாமலே கிடந்தேன். பிறகு வார்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டேன். "முருகா, நீ பேசாதே. நீ பேசினா எது நீ, எது வியாதின்னு எனக்குத் தெரியலை. சும்மா கூட இரு, போறும்."

உடனே ஒன்றும் நடக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டேன். கை நடுங்கியது, உடம்பு பருத்தது. குரல் அடுத்த வீட்டு டிவி மாதிரி மங்கியது. ஒரு நாள் விழித்தபோது காக்கை கத்துவது மட்டும் கேட்டது. அழுதேன்.

வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் அண்ணா தயங்கினார். மன்னிதான், "ஆத்துக்கு வரட்டும், நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் யாரைச் சந்தேகப்பட்டேனோ, அவள்.

முதல் நாள் தட்டு வைத்தாள். என் கை நீளவில்லை. எங்களுடையது எச்சில் பார்க்கிற வீடு. ஆனாலும் மன்னி என் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்துத் தின்றாள். "இப்போ சாப்பிடு." சாப்பிட்டேன்.

சிகிச்சை அதோடு நிற்கவில்லை. நர்ஸ் ஷீஜா வீட்டுக்கே வந்து பார்ப்பார். "சேச்சி, மருந்து முடக்கருது கேட்டோ" என்பார் மலையாளத்தில், மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாதென்று. என்னைப் போன்றவர்கள் பகலில் கூடும் இடம் ஒன்று இருந்தது. பஸ் ஏறிப் போவேன். துணிப்பை தைப்போம், சண்டை போடுவோம், சிரிப்போம். இப்போது அரை நாள் பழைய வேலைக்கே போகிறேன்.

மாத்திரை இன்றும் உண்டு. கேட்டதை முருகன் கொடுத்தான் என்று நம்புகிறேன். மருந்து, மன்னி, ஷீஜா எல்லாம் அவன் அனுப்பியதுதான். சாமி அறையில் நிற்கிறேன். அவன் ஒன்றும் சொல்வதில்லை. நிம்மதியாக இருக்கிறது.

நம்பி வேண்டிக்கொள்ளுங்கள். டாக்டரிடமும் போங்கள். உங்கள் வீட்டில் யாராவது கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சொல்லி அனுப்புங்கள். நானும் மன்னியும் வருகிறோம்.