முதல் பிளேட் தில்லிபாபுவுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருவொற்றியூரில் ஒரு அண்டா பிரியாணி ஆள் இல்லாமல் நின்றது. காரணம் உப்பு இல்லை, காரம் இல்லை... ஒரு மாத்திரை.

தில்லிபாபு என் பள்ளிக்கூட சிநேகிதன். தேரடி பக்கம் பிரியாணிக் கடை. தம் உடைத்ததும் முதல் பிளேட் அவனுக்குத்தான். கடை வாசலில் நின்று, ரோட்டைப் பார்த்தபடி சாப்பிடுவான். பசி என்றா நினைத்தீர்கள்? விளம்பரம் சார்! அவன் எலும்பை உறிஞ்சுகிற அழகைப் பார்த்து, எண்ணூர் போகிற ஷேர் ஆட்டோவிலிருந்து ஆள் இறங்கும். நூடுல்ஸைக் கண்ணாலேயே தின்கிற நடிகைகளுக்குக் கம்பெனிக்காரர்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். இவன் நூற்றுப் பத்து கிலோவை வைத்துக்கொண்டு ஓசியில் நடித்தான்.

முட்டி கெட்டது. டாக்டர் பசியைக் குறைக்க மாத்திரை எழுதினார். மகா நல்ல மாத்திரை — வேலை செய்துவிட்டது. டிவியில் ஐஸ்கிரீம் வழிந்தால் எச்சில் விழுங்கியவன், இப்போது அதை சிமென்ட் விளம்பரம் மாதிரிப் பார்க்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

"இன்னா தில்லி?"

"வாசன வருது மாமு. ஆனா வா-ன்னு கூப்ட மாட்டேங்குது."

கடமைக்கு ஒரு வாய் போட்டான். முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. க்யூவில் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம், "ஓனரே துன்ன மாட்றாரு. இன்னா கறியோ இன்னாவோ" என்றார்.

போதாதா? ஐந்து நிமிடத்தில் க்யூ கலைந்தது. ஞாயிற்றுக்கிழமை அண்டாவில்தான் அவன் வீட்டு வாரமே ஓடுகிறது.

"மாத்திரய நிறுத்திட்றேன்" என்றான் தில்லி.

"நிறுத்திட்டு? முட்டி பூட்ச்சுனா அண்டாவ உன் தோஸ்துங்களா தூக்குவானுங்க?"

கேட்டவள், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி கன்னியம்மா. எழுந்து வந்தாள். "கொண்டா இங்க" என்று பிளேட்டைப் பிடுங்கி, வாசலில் நின்று சாப்பிட ஆரம்பித்தாள். யாரையும் பார்க்கவில்லை. எலும்பையும் விடவில்லை, விரலையும் விடவில்லை.

முதலில் ஒரு ஆட்டோக்காரர் வந்தார். அப்புறம் நாலு பேர். மூன்று மணிக்கு அண்டா காலி.

"தில்லியவிட நல்லா நடிக்கிறம்மா" என்றேன்.

"இன்னாத்த நடிப்புண்ணா? பதினாலு வருசமா அடில தீஞ்சததான் துன்னுகினு கீறேன். இன்னிக்கித்தான் சூடா துன்றேன்."

மாத்திரையே இல்லாமல் பதினாலு வருடம் பசியை அடக்கியவளிடம் போய், நான் நடிப்பைப் பாராட்டியிருக்கிறேன்!