மூன்றெழுத்துப் பெயர்

ஈஸ்ட்டில் ஒரு ஜீன் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. நெய்வேலியில் இதை யாரிடம் சொன்னாலும், "அப்போ பேக்கரி வைக்கப் போறியா?" என்றுதான் கேட்பார்கள். அம்மா அப்படிக் கேட்கமாட்டாள். இட்லி மாவு பொங்காத நாளில் ஃபோன் போட்டு, "உன் ஆளுங்க இன்னிக்கு டூட்டிக்கு வரலடி" என்பாள்.

அம்மாவுக்கு நான் பாடம் எடுத்தது, அப்பாவின் கம்பெனி கொடுத்திருந்த குவார்ட்டர்ஸை வைத்துத்தான். ஈஸ்ட்டுக்குப் பதினாறு குரோமோசோம். ஒவ்வொன்றும் ஒரு தெரு. தெருவில் வரிசையாக இருக்கும் வீடுகள்தான் ஜீன்கள். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை அடுத்த தலைமுறைக்குப் பெரும்பாலும் சேர்ந்தே போகும், தள்ளியிருப்பவை பிரிந்துவிடும். எது எதோடு சேர்ந்து போகிறது என்று பார்த்துப் பார்த்து வரைபடம் போட வேண்டும். அதற்கு மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, ஒரே பைக்குள் இருக்கும் நான்கு வித்துகளைக் கண்ணாடி ஊசியால் பிரித்து வைக்க வேண்டும். இப்போதெல்லாம் மெஷினே மொத்தத்தையும் படித்துக் கொடுத்துவிடும். என் வழிகாட்டிக்குப் பழைய முறையில்தான் பக்தி. எனக்குக் கிடைத்தது கழுத்துவலி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஒரு ஜீனின் வேலையை முதலில் கண்டுபிடிப்பவர் அதற்கு மூன்று ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கலாம்.

அப்பா ரிட்டயர் ஆகி, நான் பிறந்து வளர்ந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று பெயர்தான். அங்கே போனால் எங்களுக்கு விருந்தாளி மரியாதை. "நாம இங்க இருந்தோம்னு சொல்ல ஒண்ணும் மிஞ்சாதுடி. நம்மளால இந்த ஊர் பேரு எங்கயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்" என்றாள் அம்மா. சரி என்று வாக்குக் கொடுத்தேன். நெய்வேலிக்கு என், இ, ஒய்.

என் ஈஸ்ட்டுக்குச் சூடு ஆகாது. கொஞ்சம் வெப்பம் ஏறினாலே வளர்வதை நிறுத்திவிடும். போயும் போயும் நெய்வேலிக்காரி கையில் வந்து மாட்டியிருந்தது. அந்தக் கோளாறு எந்த ஜீனில் என்று தேடித் தேடி ஒருவழியாகத் தெருவைக் கண்டுபிடித்தேன். அங்கே இன்னும் பெயர் வைக்கப்படாத ஜீன் ஒன்று இருந்தது. இதுதான் என்று எனக்கு நானே தீர்ப்பெழுதி அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். விஞ்ஞானிகள் சரிபார்த்துவிட்டுச் சொல்வார்கள். நான் சொல்லிவிட்டுச் சரிபார்க்கிற ரகம். அதற்குள் அம்மா பிளாக் முழுக்கச் சொல்லி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடமும் சொல்லிவிட்டாள்.

சரிபார்த்தால், கோளாறு ஒரு வீடு தள்ளி இருந்தது. அந்த வீட்டு ஜீனுக்கு எங்கோ வெளிநாட்டில் யாரோ எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்.

காலி செய்ய உதவப் போனபோது நேரில் சொன்னேன். அம்மா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு ஏற்கெனவே பேரு இருக்கும்மா. நான் பக்கத்து வீட்டைப் பார்த்துட்டேன்."

"இத்தனை வருசம் படிச்சு, கதவு மாத்தித் தட்டியிருக்கே" என்றாள். அடுத்த பாத்திரத்தை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் வீட்டைப் பார்க்க ஒரு பெண் வந்தாள். எங்களுக்கு அடுத்து இந்த வீட்டை அவர்களுக்குத்தான் ஒதுக்கியிருந்தார்கள். ஊர் பக்கத்திலிருக்கும் வடக்குத்து. கணவர் அதே கம்பெனியில் பல வருடம் கான்ட்ராக்டில் இருந்து இப்போதுதான் பெர்மனென்ட் ஆனவர். அம்மா வரவழைத்துக்கொண்ட சிரிப்போடு, "முப்பது வருசம் இருந்த வீடும்மா, பார்த்துக்கோ" என்றாள்.

"நல்லா பாத்துக்கறோங்க." அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். "இந்த எடத்தப் பத்தி எங்க மாமனாரு எப்பவும் சொல்லிக்கினு இருப்பாருங்க. டவுன்ஷிப் வர்றதுக்கு முந்தி அவங்க வூட்டாளுங்க இங்கதான் முந்திரி பொறுக்கிக்கினு இருந்தாங்களாம்."

"உங்க நிலமா?" என்றாள் அம்மா.

"நெலமெல்லாம் ஏதுங்க? கூலிக்குத்தான்."

அம்மா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். "அப்போ இந்த இடத்துக்கு என்ன பேரு?"

"ஒத்தப்பனைக் கொல்லின்னுவாருங்க. ஒத்த பனமரம் நின்ன முந்திரிக் கொல்லியாம்."

அம்மா அந்தப் பெயரை ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இங்கயும் ஏற்கெனவே பேரு இருந்திருக்குடி" என்றாள். அதில் கோபம் இல்லை.

எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. ஈஸ்ட்டின் பதினாறு தெருவிலும் எந்த வீடு எங்கே என்று கேட்டால் சொல்லிவிடுவேன். ஒரு வீடு முன்னே பின்னே இருக்கலாம். நான் பிறந்து வளர்ந்த வீடு எந்த இடத்தில் நிற்கிறது என்று இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் கேட்டதில்லை.