உயிரோடிருந்தவளுக்கு ஒரு ஒப்பாரி

அம்சவள்ளி எதைப் பாடினாலும் ஒப்பாரியில்தான் போய் முடியும். பொறாமையில் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் நலங்குப் பாட்டு பாடச் சொன்னோம். மாப்பிள்ளையின் அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். விக்கிரவாண்டிப் பக்கம் அவள் குரல் கேட்காமல் எந்தப் பாடையும் கிளம்பாது. மற்ற நாளெல்லாம் எங்களோடு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் காட்டில், கூலி வேலை.

இப்படிப்பட்டவளிடம் போய், மார்பகப் புற்றுநோயைப் பற்றி மகளிர் குழுக் கூட்டத்தில் கும்மிப் பாட்டு பாடச் சொன்னார் நர்ஸ் அருணா. நோட்டீஸ் கொடுத்தால் அதில் வடை மடிக்கிறோமாம்.

"மாசம் ஒருவாட்டி தடவிப் பாரு, கட்டி இருந்தா முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போ. இத மட்டும் பாடுங்கக்கா. யார் பேரும் வேணாம்."

அம்சவள்ளி உடனே ஒத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவளுடைய மூத்த ஓரகத்தி ஜெயத்துக்குப் பொங்கலிலிருந்து மார்பில் ஒரு கட்டி. "வலிக்கவே இல்லடி. அதப் போய் எவன்கிட்ட காட்டிக்கினு இருக்கறது" என்று புருஷனிடம்கூட மறைத்து வைத்திருந்தாள். அம்சவள்ளி கெஞ்சினாள், சண்டை போட்டாள். ஜெயம் மசியவில்லை. பாட்டிலாவது உறைக்கட்டும் என்று நினைத்தாள், பாவம்.

கூட்டத்தில் முதல் இரண்டு அடி கும்மியாகவே போனது. அப்போது முன்வரிசையில் அவித்த மல்லாட்டை தின்றுகொண்டிருந்த ஜெயம் கண்ணில் பட்டாள். குரல் இழுத்துக்கொண்டது. பேர் சொல்லாமல் ஒப்பாரி ஏது? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பொன்னான அக்கா, ஜெயமக்கா,
மல்லாட்ட ஆயுற கையால
மாருல கட்டியத் தொட்டியே,
தொட்டத யாருக்கும் சொல்லாம
தூரமாப் பொறப்பட்டுப் போனியே..."

பழக்கதோஷம், நாங்களும் மாரடித்து அழ ஆரம்பித்துவிட்டோம். "அடிக்காதீங்கம்மா, தடவித்தான் பாக்கணும்" என்று நர்ஸ் கெஞ்சினார். யார் கேட்டது?

பாட்டு டீக்கடை வரை போக, அங்கிருந்த ஜெயத்தின் புருஷன் கோதண்டபாணி கிளாஸும் கையுமாக ஓடி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை "ஏய்" என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷன், "ஜெயம், என்ன உட்டுட்டுப் போய்ட்டியே" என்று வாசலில் விழுந்து புரண்டார்.

செத்தவளே எழுந்து போய், "எந்திரி, மானம் போவுது" என்றாள்.

அவர் எழவில்லை. உட்கார்ந்தபடியே, "இன்னா கட்டி?" என்று கேட்டார்.

மறுநாள் காலையே முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பத்திலேயே வந்துவிட்டதால் பயப்பட வேண்டாம் என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். இங்கே நர்ஸ் அருணாவிடம் பெண்கள் கூட்டம் அலைமோதியது. "அவ என் பேரப் பாட்டுல சேக்கறதுக்குள்ள பாத்துடுங்க மேடம்" என்றாள் முனியம்மாள். நானும் அந்த வரிசையில்தான் நின்றேன்.

ஜெயம் மட்டும் அம்சவள்ளியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். உயிரோடு இருப்பவளுக்கு ஒப்பாரி வைத்தவள் முகத்தில் விழிக்க மாட்டாளாம். மருந்தில் கொட்டின முடி மறுபடி முளைத்த பிறகு, ஒரு நாள் கொல்லைக்கு வந்து வரப்பில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குப் பாதியிலயே நிறுத்திட்ட. என்னப் பத்தி இன்னும் நல்லதா நாலு வார்த்த வெச்சிருப்ப. மிச்சத்தையும் பாடுடி. செத்தப்புறம் நான் எங்க கேக்கறது."

அம்சவள்ளி வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை. ராகமே இல்லாமல், மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.