அப்புவின் செப்பு ஹெல்மெட்

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் சண்டை மூண்டபோது நானும் மனைவியும் குருநகரை விட்டு நடந்தோம். சைக்கிள் இருந்தது, ஆனால் உருட்டித்தான் கொண்டுபோக முடிந்தது. கரியரில் கட்டியிருந்த சாக்குக்குள் என் அப்பு, அதாவது அப்பாவின் தகப்பன், துறைமுக வேலையில் கடலுக்கடியில் போட்டிருந்த ஹெல்மெட் இருந்தது. முழுக்கச் செம்பு. முன்னுக்கும் இரண்டு பக்கமும் வட்டக் கண்ணாடிகள். அரை மூட்டை அரிசிப் பாரம் இருக்கும். அரிசியையே கட்டியிருக்கலாம் என்று மனைவி வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஹெல்மெட்டோடு ஒரு பிஸ்கற் தகரமும் இருந்தது. அதற்குள் துறைமுக எஞ்சினியர் அப்புவுக்குக் கொடுத்த இங்கிலீஷ் கடிதம், அப்பு ஹெல்மெட்டோடு நிற்கும் படம், எங்கள் வீட்டாரின் ஞானஸ்நானத் துண்டுகள். அப்புவின் துணிச்சலுக்குப் பரிசாகக் கிடைத்த ஹெல்மெட் என்று அப்பா சொல்வார். கலியாணமான புதிதில் மனைவிக்கு நானும் அப்படியே சொன்னேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கடிதத்தை வாசிக்கத் தெரியாது. யாரிடமாவது கொடுத்து வாசிப்பிக்கவும் கூச்சம்.

கோப்பாயில் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் ஒருவர் தன் வளவிலிருந்த புகையிலைக் கொட்டிலைத் தந்தார். மனைவியின் கால் வீங்கிப் போயிருந்தது. அதற்கு மேல் அவளால் ஓரடி வைக்க முடியாது. அந்தக் கொட்டில் கிடைத்திராவிட்டால் என்ன செய்திருப்போமோ தெரியாது.

எனக்கோ அங்கே இருப்புக்கொள்ளவில்லை. சங்கு குளிப்பது என் தொழில். கடலுக்குப் போக வழியில்லை. மிளகாய்க் கன்றுகளுக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிவிடச் சொன்னால் மாறிவிடுவேன். அது முடிந்ததும் வேலிவரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். நான் நடப்பதைப் பார்க்கத் தனக்குக் கால் நோகுது என்று மனைவி ஏசினாள். கைக்கு ஏதாவது வேண்டுமென்று புளியைக் கரைத்து ஹெல்மெட்டைத் தேய்க்கத் தொடங்கினேன். காலையில் தேய்த்தேன், மத்தியானம் தேய்த்தேன். குருநகரில் பச்சை பிடித்துக் கறுத்துக் கிடந்த சாமான், ஒரு கிழமையில் கூரைக் கிடுகு இடுக்கால் வரும் வெயிலுக்கே மின்னியது.

அதுதான் வினையாகிப் போனது. பக்கத்துக் கோயிலில் பொங்கல் பொங்கும் செப்புக் கிடாரம் ஒன்று அந்தக் கிழமை காணாமல் போயிருந்தது. கொட்டிலுக்குள் கவிழ்த்து வைத்த கிடாரம்போல ஒன்று மின்னுகிறது என்று தோட்டத்துக்கு வந்த பெண் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறாள்.

பின்னேரம் கோயில் முகாமையாளர் நாலைந்து பேரோடு வந்தார். ஹெல்மெட்டை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இது எங்கை எடுத்தனி?”

களவெடுத்தவன் நிற்பதுபோலவே நின்றேன். அதற்குக் கண்ணாடி இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். கிடாரத்தை வெட்டி ஒட்டி வேறு சாமானாக்கியிருப்பார்கள் என்றார் இன்னொருவர். முகாமையாளர் ஸ்டேசன் மாஸ்டரிடம், இவர்களை இன்றைக்கே அனுப்பிவிட வேண்டும் என்றார். மனைவி வீங்கின காலோடு எழும்பி வந்து பிஸ்கற் தகரத்தை ஸ்டேசன் மாஸ்டரின் கையில் வைத்தாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கத் தமிழில் சொன்னார். காற்று வால்வு தேய்ந்து பாவனைக்கு உதவாதென்று கழித்துவிட்ட ஹெல்மெட். சுழியோடியான அப்பு கேட்டுக்கொண்டதால் அவருக்கே கொடுக்கப்படுகிறது. பரிசென்றோ துணிச்சலென்றோ ஒரு சொல் இல்லை. என் காது இரண்டும் சுட்டன.

“அப்ப கழிச்சு விட்ட சாமானையே இவ்வளவு தூரம் உருட்டிக்கொண்டு வந்தனாங்கள்?” என்றாள் மனைவி. வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

ஸ்டேசன் மாஸ்டர் சிரிக்கவில்லை. கடிதத்திலிருந்த பெயரை அப்பாவின் ஞானஸ்நானத் துண்டோடும், அப்பாவின் பெயரை என் அடையாள அட்டையோடும் ரயில் பெட்டி கொழுவுவதுபோலக் கொழுவிக் காட்டினார். கடிதத்தில் ஹெல்மெட்டின் இலக்கமும் இருக்கிறது, கழுத்து வளையத்தில் பாருங்கள் என்றார். குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. அப்பு காலத்திலிருந்தே மங்கிக்கொண்டு வந்த இலக்கம். மிச்சத்தை என் புளித்தேய்ப்பு வழித்துவிட்டிருந்தது. என் கையாலேயே என் சாட்சியை அழித்துவிட்டேன்.

முகாமையாளர் கொஞ்ச நேரம் வளையத்தை விரலால் தடவினார். பிறகு மடியிலிருந்த விபூதிப் பையைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்தார். வாயால் ஊதினார். நாலு இலக்கங்கள் வெள்ளையாக எழும்பி நின்றன. அவரே ஒவ்வொன்றாக வாசித்தார். ஸ்டேசன் மாஸ்டர் கடிதத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றுக்கும் “ஓம், சரி” என்றார்.

மன்னிப்பு ஒன்றும் கேட்காமல் போனார்கள். கொட்டிலை விட்டு யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. சாவகச்சேரிக்குப் போவோம் என்றேன். ஹெல்மெட்டும் நீங்களும் போங்கோ, நான் வரமாட்டன் என்றாள் மனைவி.

இரண்டு நாள் கழித்து முகாமையாளர் தனியாக வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

“உமக்குச் சுழியோடத் தெரியுமெல்லே? எடுத்தவங்கள் கிடாரத்தைக் கேணிக்குள்ளை போட்டிட்டாங்களோ எண்டு ஒரு யோசினை.”

கோயில் கேணி, கடல்தொழில் செய்யும் எங்கள் சாதி ஆட்கள் கால் நனைக்கும் இடமில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன்.

இரண்டு ஆள் ஆழம். தலை தாழ்ந்ததும் காது இரண்டையும் தண்ணீர் அமத்தியது. எத்தனை நாளுக்குப் பிறகு அந்த அமத்தல்! உடம்பு தானாக அடங்கியது. அடியில் முழங்கைவரை சேறு. நாலு மூலையும் நடுவும் கையால் அளைந்தேன். தேங்காய்ப் பாதிகள், உடைந்த சிட்டி விளக்குகள், ஒரு கல். கிடாரம் அங்கே இல்லை. இருந்திருந்தால் என் கைக்குத் தப்பாது.

மேலே வந்தேன். படியில் நின்றவர், “இல்லையோ?” என்றார்.

“கிழக்கு மூலை வடிவாப் பாக்கேல்லை ஐயா. இன்னொருக்காப் போறன்” என்று சொல்லி மூச்சை இழுத்தேன்.

“அவசரமில்லை, ஆறுதலாப் பாரும்” என்றார் அவர்.