பேராச்சி சுற்றிய டிரான்ஸ்பார்மர்

மூன்றாவது பியூஸும் பட்டென்று போனதும் கரீம் பாட்சா பொறுமையிழந்து கத்திவிட்டார்.

"பேராச்சி, ஒன் கட்டுதாம்மா ஷார்ட்டு!"

தாராவிச் சந்து முழுக்கக் கேட்டது. எதிர்க் கடை டீக்காரர் எட்டிப் பார்த்தார். பேராச்சிக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

அது 1966, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கிடார் வாசிக்கும் வேங்கடசுப்ரமணியன் மாட்டுங்காவிலிருந்து டாக்ஸியில் ஆம்ப்ளிபையரைப் போட்டுக்கொண்டு அலறியடித்து வந்திருந்தார். வாரமெல்லாம் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, ஞாயிறு மட்டும் கலைஞர். கரீம் பாட்சாவின் ரேடியோ கடையில் சொல்லிச் செய்த பெட்டி அது. நேற்று இங்கேயே வாசித்துப் பார்த்துப் பூரித்துப்போய் எடுத்துச் சென்றார். இன்று சுவிட்சைப் போட்டால் அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

"அஞ்சு மணிக்கு செம்பூர்ல ப்ரோக்ராம். எல்லாரும் காத்துண்டிருப்பா. ஏதாவது பண்ணுங்கோ பாய்!"

பேராச்சிக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். புருஷன் பூதத்தான் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்க்கிறான். அவள் இந்தக் கடையில் ரேடியோ காயில்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவள். அப்படிச் சுற்றுவதைத்தான் கடையில் 'கட்டு' என்பார்கள். அறுநூறு சுற்று என்றால் அறுநூறுதான். ஒன்று கூடாது, குறையாது. நடுவில் யார் பேச்சுக் கொடுத்தாலும் ஒரு விரலைத் தூக்குவாள், பாயே வாயை மூடிக்கொள்வார். அப்படியும் பெரிய டிரான்ஸ்பார்மரை மட்டும் அவளிடம் தரமாட்டார். அது கல்யாண் ஊரில் இருந்த ஒரு ஆளுக்குத்தான் போகும். இரண்டு வருஷம் நச்சரித்து அவள் வாங்கிய முதல் பெரிய வேலை, இந்த ஆம்ப்ளிபையரின் டிரான்ஸ்பார்மர். இது கெட்டது என்று ஆகிவிட்டால் காலத்துக்கும் சில்லறைக் காயில்தான்.

பாய் கடைசிப் பியூஸைக் கையில் எடுத்தார், என்ன நினைத்தாரோ, அதை வைத்துவிட்டுத் தடித்த கம்பித் துண்டு ஒன்றை எடுத்து முறுக்கினார்.

பேராச்சி பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"கெட்டிக் கம்பியப் போட்டா பியூஸ் போவாது பாய், என் காயிலுதான் எரிஞ்சு போவும். பொறவு குத்தம் என் மேலன்னு நெசமாவே ஆயிரும்! காயிலு ஷார்ட்டுன்னா போட்ட ஒடனே போவணும். இது வால்வு சூடான பொறவுல்லா போவுது? பல்ப மாட்டுங்க."

நியாயம்தான். பாய் முணுமுணுத்துக்கொண்டே, பியூஸ் இருக்கிற இடத்தில் ஒரு நூறு வாட் பல்பை இணைத்தார். கரண்ட் அளவாகப் போனால் பல்பு மங்கலாக இருக்கும். எங்கேயாவது ஷார்ட் என்றால் பளீரென்று எரியும், எதுவும் கருகாது.

மரப்பெட்டிக்குள்ளிருந்து வால்வுகளும் டிரான்ஸ்பார்மரும் பூட்டிய தகட்டை வெளியே இழுத்து மேஜைமேல் வைத்தார்கள். சுவிட்ச் போட்டார்கள். அரை நிமிஷம் போயிற்று, ஒரு நிமிஷமும் போயிற்று. பல்பு மங்கலாகவே இருந்தது. வேங்கடசுப்ரமணியன் கிடாரைத் தட்டினார், ஆம்ப்ளிபையர் பாடியது!

"சரியாயிடுத்து!" என்று துள்ளினார் அவர்.

மறுபடி பெட்டிக்குள் தள்ளினார்கள். பல்பு பளீர்!

"பாத்தியா, உள்ள வெந்து போயி ஒன் கட்டு எளகுது," என்றார் பாய்.

"அதுக்குள்ள எங்க வேவும்? வெளிய எடுங்க!"

வெளியே, மங்கல். உள்ளே, பளீர். சந்திலிருந்து பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பல்பு எரியும்போதெல்லாம் "அரே பாப்ரே!" என்று கூச்சல். பேராச்சிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தகட்டில் குற்றம் இல்லை, குற்றம் காலிப் பெட்டியில்! பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவினாள்.

"ஆத்தாடி!"

விரல் நுனியில் ரத்தம். முன்பலகையைத் துளைத்துக்கொண்டு ஒரு ஸ்க்ரூ முனை அரை இஞ்ச் நீட்டிக்கொண்டிருந்தது. தகட்டை உள்ளே தள்ளினால் அது நேரே போய், வால்வு சூடான பிறகே கரண்ட் வரும் ஹைவோல்டேஜ் முனையையும் தகட்டின் விளிம்பையும் சேர்த்துத் தொடும்; அதுதான் ஷார்ட்.

"இத யாரு அடிச்சா?"

எல்லோரும் பெட்டியின் முகப்பைப் பார்த்தார்கள். பளபளவென்று ஒரு பித்தளைப் பெயர்ப்பலகை, கிடார்க்காரருடைய குழுவின் பெயர்: 'வேங்கடா பார்ட்டி'. அதன் சொந்தக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது.

"காலம்பற நான்தான்... ஸ்டேஜ்ல பேர் தெரியட்டுமேன்னு... ஆத்துல இந்த நீள ஸ்க்ரூதான் இருந்தது."

சந்தே சிரித்தது. பாய் ஸ்க்ரூவைக் கழற்றிக் குட்டையாய் ஒன்று போட்டார். தகடு உள்ளே போனது. பல்பை எடுத்துவிட்டுக் கடைசிப் பியூஸைச் சொருகினார்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்... தாங்கியது! வேங்கடசுப்ரமணியன் கம்பியைச் சுண்டிய சுண்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

"போங்க போங்க, மணி மூணாவுது!" என்று பாய் பெட்டியைத் தூக்கப் போனார்.

பேராச்சி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"என் கட்டு ஷார்ட்டுன்னு சொன்னீங்கள்லா?"

"சரி, இல்லம்மா. ஒன் கட்டு நல்ல கட்டு."

"எனக்கு மட்டும் கேட்டாப் போதுமா?"

பாய் அவளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு ஒரு மைக்கை எடுத்துப் பெட்டியில் சொருகி, வால்யூமை முழுக்கத் திருப்பித் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பே மெயின் ரோடு வரை போனது.

"கேட்டுக்கோங்கப்பா! பேராச்சி சுத்துன டிரான்ஸ்பார்மருல ஒரு குத்தமும் இல்ல! இனிமே நம்ம கடையில பெரிய கட்டெல்லாம் அவதான்!"